முகிலுக்கு இடம்பெயர்தல்: அக்கராயனிலிருந்து ஒரு பார்வை

வன்னியில் எந்த வீட்டுக்குள் போய்க் கேட்டாலும் ஒரு பை இருக்கும். சில வீட்டில் அது கடைப் பை, சில வீட்டில் ஜிப் உடைஞ்ச பள்ளிக்கூடப் பை. உள்ளுக்குள் பொலித்தீனால் சுற்றின கடதாசிகள்: பிறப்புச் சான்றிதழ், காணிப் பெர்மிற், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் ஓ.எல். பெறுபேறு, இரண்டு மூன்று பழைய படங்கள். கடும் மழை எண்டாலும், எங்கேயோ பெரிய சத்தம் கேட்டாலும், அம்மா முதலில் கேட்பது “பை எங்கை?” என்றுதான். போர் முடிந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எங்கட அக்கராயனில் அந்தப் பை இன்னும் அலுமாரியின் மேல் தட்டுக்கு ஏறவில்லை. கைக்கெட்டுகிற இடத்தில்தான் தொங்குகிறது.

எங்களில் கொம்பியூட்டர் படிக்கிற ஆட்கள் ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஒரு நிறுவனம் தன்னுடைய தரவுகளையும் மென்பொருள்களையும் சொந்தக் கட்டடத்திலிருந்து ‘கிளவுட்’டுக்கு மாற்றுவதற்கு ஆங்கிலத்தில் ‘மைகிரேஷன்’ என்று பெயராம். தமிழில் எழுதினால் இடம்பெயர்வு. நாங்கள் எல்லாரும் சிரித்தோம், பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். இந்தச் சொல்லுக்கு எங்கட ஊரில் வேறு கனம். அந்தக் கனத்தோடேயே அதைப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒரு நிறுவனம் இடம்பெயரும்போது எதைத் தூக்கிக்கொண்டு போகிறது, எதை விட்டுவிட்டுப் போகிறது, போன இடத்தில் எப்படி மாறிப்போகிறது? இந்தக் கேள்விகளுக்கு அமேசன், மைக்ரோசொப்ற் வருவதற்கு முதலே வன்னியில் பதில் இருந்தது.

ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்த ஊர்

1996 இல் ‘சத்ஜெய’ நடவடிக்கையில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. சனம் மேற்குப் பக்கமாகவும் தெற்குப் பக்கமாகவும் நகர்ந்தது. சனத்தோடு அரச அலுவலகங்களும் நகர்ந்தன. கிளிநொச்சி ஆஸ்பத்திரி எங்கட அக்கராயனுக்கு வந்தது. நகரத்தில் இருந்த ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி, குளத்தையும் வயலையும் நம்பியிருந்த ஒரு ஊரில் இருந்துகொண்டு தன்னுடைய வேலையைச் செய்தது.

யோசித்துப் பார்த்தால், கட்டடம் வரவில்லை. வந்தவை மூன்று. ஒன்று, வேலை தெரிந்த மனிதர்கள். இரண்டு, தூக்கக்கூடிய சாமான்களும் பதிவேடுகளும். மூன்று, “இது கிளிநொச்சி ஆஸ்பத்திரிதான்” என்று சனமும் அரசாங்கமும் ஏற்றுக்கொண்ட அந்த அங்கீகாரம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி வந்திருக்காது. மருந்து மட்டும் வந்தால் அது களஞ்சியம். ஆட்கள் மட்டும் வந்தால் அவர்களும் அகதிகள். பெயர்ப்பலகை மட்டும் வந்தால் அதை ஆஸ்பத்திரி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

வந்த பிறகு வேலை செய்கிற முறையும் அதே மாதிரி இருந்திருக்க முடியாது. நகரத்தில் சுவர் பிரித்து வைத்த பிரிவுகளுக்கு இங்கே அத்தனை அறை இல்லை. யார் எந்த வேலை, எந்தச் சாவி யாரிடம், எந்தக் கொப்பியில் எதை எழுதுவது என்பதையெல்லாம் இடத்துக்கு ஏற்ற மாதிரித் திரும்பத் தீர்மானிக்க வேண்டும். இன்றைக்கு முகாமைத்துவப் புத்தகங்கள் ‘நிறுவன மாற்றம்’ என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிற விஷயம் இதுதான்.

2008 இன் பிற்பகுதியில் போர் அக்கராயனுக்கே வந்தது. இந்த முறை போவதற்குக் கிழக்கு மட்டும்தான் இருந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி தர்மபுரத்துக்குப் போனது. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி புதுமாத்தளனுக்குப் போனது. ஒவ்வொரு நகர்விலும் சாமான் குறைந்தது, கடதாசி குறைந்தது, ஆட்களும் குறைந்தார்கள். வீடுகளிலும் அதே கதைதான். முதலில் உழவு இயந்திரத்தில் கட்டில், அலுமாரி, ஓடு வரைக்கும் ஏற்றின சனம், பிறகு சைக்கிளில் ஏற்றக்கூடியதை மட்டும் ஏற்றியது, கடைசியில் கையில் தூக்கக்கூடியதை மட்டும் தூக்கியது. கடைசி வரை கையில் இருந்தது அந்தப் பை. அதையும் விட்டவர்கள் பலர்.

கடதாசி போனால் என்ன நடக்கும் என்பதைச் சட்டப் புத்தகத்திலேயே பார்க்கலாம். போர் முடிந்த அடுத்த வருஷம், 2010 இல், இறப்புகளைப் பதிவதற்கென்று 19 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. போரால் தங்கள் காணிக்காக நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்குக் காலவரையறையில் விலக்கு கொடுக்க 2016 இல் இன்னொரு சட்டம் வந்தது. ஒரு ஆள் செத்துப்போனார் என்பதையும், ஒரு காணி ஒருவருடையது என்பதையும் நிரூபிக்கத் தனித்தனியாகச் சட்டம் தேவைப்பட்ட நாடு இது.

சனத்தைக் காப்பாற்றிய ஒரு பழைய வழக்கமும் இருந்தது. பிறப்பு, இறப்புப் பதிவுகளை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை மாவட்டத்திலும் மற்றதைக் கொழும்பிலும் வைப்பது. வெள்ளைக்காரன் காலத்து அலுவலக நடைமுறை, பார்த்தால் வெறும் எழுத்துவேலை. ஆனால் இங்கே ஒரு பிரதி எரிந்தபோது, அங்கே இருந்த மற்றப் பிரதியிலிருந்து ஒரு மனிதருக்குத் தன்னுடைய பெயர் திரும்பக் கிடைத்தது. இரண்டாவது பிரதி எழுதின அந்தப் பதிவாளருக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்திருக்காது. அவர் தன்னுடைய வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

முகில் என்றால் இன்னொருவரின் கொம்பியூட்டர்

இப்போது மற்ற இடம்பெயர்வுக்கு வருவோம். முகிற் கணிமை என்றும் மேகக் கணிமை என்றும் எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டால் வானத்தில் இருக்கிற மாதிரி. உண்மையில் அது எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்துக்குள் இரவு பகலாகக் குளிரூட்டி வைத்திருக்கிற ஆயிரக்கணக்கான கொம்பியூட்டர்கள். நாங்கள் அதில் ஒரு மூலையை வாடகைக்கு எடுக்கிறோம்.

யோசனை பழசு. கரண்ட், தண்ணி மாதிரிக் கணிமையும் ஒரு பொதுச் சேவையாக வரும் என்று ஜோன் மெக்கார்த்தி 1961 இலேயே சொன்னார். அது பெரிய வியாபாரமானது 2006 மார்ச்சில், அமேசன் தன்னுடைய ‘எஸ்3’ சேமிப்புச் சேவையைத் தொடங்கியபோது. அதற்கு முதல் ஒரு கொம்பனி வளர வேண்டுமென்றால் சேவர் வாங்க வேண்டும், அறை கட்ட வேண்டும், ஏசி போட வேண்டும், பார்க்க ஆள் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு மாதக் கட்டணம் கட்டினால் போதும். சொந்தமாக மோட்டர் வாங்கிக் கிணத்தில் பூட்டுகிற ஆளுக்கும், குழாய்த் தண்ணிக்கு பில் கட்டுகிற ஆளுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எல்லாரும் சொல்கிற கதை நெற்பிளிக்ஸுடையது. 2008 ஓகஸ்டில் அவர்களின் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. (அப்போது அவர்கள் தபாலில் டிவிடி அனுப்புகிற கொம்பனி.) அன்றைக்கு முகிலுக்குப் போவதென்று முடிவெடுத்தார்கள். போய் முடிந்தது 2016 ஜனவரியில். ஏழு வருஷத்துக்கு மேல்!

ஏன் அவ்வளவு காலம்? கோப்புகளைக் கொப்பி பண்ண ஏழு வருஷம் தேவையில்லை. இருந்ததை அப்படியே தூக்கி வைத்தால் பழைய பிரச்சினைகளும் கூடவே வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. ஆகவே மென்பொருளைத் திரும்ப எழுதினார்கள், வேலை செய்கிற முறையையும் மாற்றினார்கள். முதலில் ஒரு புது வசதி வெளிவர நடுவில் ஒரு குழு அனுமதிக்க வேண்டும், சேவர் வரப் பல கிழமை காத்திருக்க வேண்டும். பிறகு சின்னச் சின்னக் குழுக்கள் தாங்களே முடிவெடுத்து, தாங்களே வெளியிட்டு, பிழைத்தால் தாங்களே பொறுப்பேற்கிற முறை வந்தது. சாவி யாரிடம் என்ற கேள்விக்குப் புதுப் பதில் எழுதினார்கள் என்று சொல்லலாம். அக்கராயனுக்கு ஆஸ்பத்திரி வந்தபோது எழும்பியிருக்கக்கூடிய கேள்விதான். அவர்களுக்கு ஏழு வருஷம் இருந்தது. இங்கே குண்டுச் சத்தத்துக்குள் செய்ய வேண்டியிருந்தது.

குண்டுச் சத்தத்துக்குள் முகிலுக்குப் போன ஒரு நாடும் இருக்கிறது. உக்ரேன் தன் அரசாங்கத் தரவுகளை நாட்டுக்கு வெளியே வைக்கச் சட்டம் விடவில்லை. 2022 பெப்ரவரி 17 இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை மாற்றியது. சரியாக ஒரு கிழமைக்குப் பிறகு ரஷ்யப் படை நுழைந்தது. சூட்கேஸ் அளவான சேமிப்புப் பெட்டிகள் போலந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, சனத்தொகைப் பதிவு, காணி உரிமை, வரி, கல்விப் பதிவுகள் அவற்றில் ஏற்றப்பட்டன. இதை வாசித்தபோது எங்களுக்கு வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அது அந்தப் பைதான். ஒரு நாட்டின் பை. உள்ளே இருந்த கடதாசிகளும் அநேகமாக அதே கடதாசிகள்.

எஸ்தோனியா இன்னும் முன்கூட்டியே யோசித்தது. 2007 இல் பெரிய இணையத் தாக்குதலைக் கண்ட அந்தச் சின்ன நாடு, 2017 இல் லக்சம்பேர்க்கோடு ஒப்பந்தம் செய்து அங்கே ஒரு ‘தரவுத் தூதரகம்’ அமைத்தது. முக்கியமான பதிவேடுகளின் பிரதி அங்கே இருக்கிறது. தூதரகத்துக்கு உள்ள மாதிரியே சட்டப் பாதுகாப்பும் அதற்கு உண்டு. மாவட்டத்தில் ஒன்று, கொழும்பில் ஒன்று என்று எழுதின அதே பழைய புத்திதான்.

எங்கட அரசாங்கத்தின் முகில்

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்ததுதான் ‘இக்டா’ என்று எல்லாரும் சொல்கிற தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம். ஒவ்வொரு திணைக்களமும் தனக்கென்று சேவர் வாங்கி, தனக்கென்று அறை பூட்டி வைக்காமல், எல்லாருக்கும் பொதுவாக ‘லங்கா அரச முகில்’ என்று ஒன்றை அமைத்தார்கள். யோசனை நல்லது. சின்னத் திணைக்களம் ஒன்றுக்குச் சொந்தமாக நல்ல பாதுகாப்புப் போட வசதி வராது.

2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி அதில் ரன்சம்வெயார் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற மென்பொருள் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் 5,000 அளவில் பாதிக்கப்பட்டன. பன்னிரண்டு மணித்தியாலத்தில் சேவையைத் திரும்ப எழுப்பினார்கள். ஆனால் மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் வரவேயில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குத் தனியாகப் பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கு மைக்ரோசொப்ற் தன்னுடைய ஆதரவை அந்த ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. 2021 இலிருந்து புதுப்பிக்க யோசனை இருந்தும் காசில்லை, முந்தைய தீர்மானங்கள் தடை என்று தள்ளிப்போயிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு “அப்ப பழைய ஃபைல்தான் நல்லது” என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்படிப் படவில்லை. ஃபைலுக்கு என்ன நடக்கும் என்று வன்னிக்குத் தெரியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவான நூல்கள் போயின. ஏடுகளும் போயின. பலதுக்கு வேறு பிரதியே இல்லை. அங்கே நெருப்பு, இங்கே ரன்சம்வெயார். இரண்டிலும் திரும்பி வராமல் போனது, வேறெங்கும் பிரதி இல்லாதது. தாக்கினவன் செய்தது ஒரு குற்றம். பிரதி எடுக்காமல் விட்டது, யாருடைய வேலை என்று தெளிவாக இல்லாத ஒரு வேலை. 2023 இல் சேவர் முகிலுக்குப் போயிருந்தது, ஆனால் இரண்டாவது பிரதி எழுதுகிற பதிவாளர் கூடப் போகவில்லை.

பணக்கார நாட்டுக்கும் இது நடந்தது. தென்கொரியாவின் டேஜோன் நகரில் 2025 செப்ரெம்பர் 26 இல் அரசாங்கத் தரவு நிலையத்தில் பற்றரி தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் பயன்படுத்தின ‘ஜி-டிரைவ்’ என்ற சேமிப்பில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்று அதற்கு வெளிப் பிரதி வைக்கவில்லை. கோப்புகளை அலுவலகக் கொம்பியூட்டரில் வைக்காமல் இதிலேயே வையுங்கள் என்பது அங்கே வழிகாட்டல். அதை முழுசாகக் கடைப்பிடித்த அமைச்சுக்குத்தான் அதிக அடி. அரைகுறையாகக் கடைப்பிடித்தவர்களிடம் கொஞ்சமாவது மிஞ்சியது. சொன்னதைக் கேட்டவனே இழந்தான் என்றால், பிழை சொன்ன முறையில்தான்.

பிரதி இருந்தாலும் சாவி கையில் இல்லாமல் போகலாம். இந்தியாவின் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்தில் ரஷ்யப் பங்கு இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும் மைக்ரோசொப்ற் அந்த நிறுவனத்துக்கான சேவைகளை நிறுத்தியது. மின்னஞ்சல் கூட வேலை செய்யவில்லை. டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகு, சில நாட்களில் திரும்பக் கிடைத்தது. எரியவுமில்லை, பூட்டவுமில்லை, வாடகை வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. வழக்குப் போட வசதி உள்ள நிறுவனம் என்பதால் திறந்தது. எங்கட ஊர்ச் சங்கத்துக்கு யார் வழக்குப் போடுவார்கள்?

இனி எங்கட வேலை

இதெல்லாம் பெரிய ஆட்களின் கதை என்று நினைக்கவேண்டாம். கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் இப்போது கொப்பியிலிருந்து ஃபோனுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. கூட்ட அறிக்கை வட்ஸப்பில், கணக்கு கூகிள் ஷீற்றில், படங்கள் யாரோ ஒரு தம்பியின் டிரைவில். ஒருவரும் கூடித் தீர்மானிக்கவில்லை. அது தானாக நடக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் நடக்கிற இடம்பெயர்வு.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஊர் வயதானவர்களோடு கதைத்துப் பதிவு செய்த ஒலிக்கோப்புகளை ஒரு நண்பனின் கணக்கில் வைத்தோம். அவன் வெளிநாடு போனான். பழைய சிம் போனது. உள்ளே போக வேண்டிய இலக்கம் அந்தச் சிம்முக்குத்தான் வரும். பாதியைத் திரும்ப எடுக்க முடிந்தது, அதுவும் ஒருத்தி தன்னுடைய பென்டிரைவில் தற்செயலாக வைத்திருந்ததால். மற்றப் பாதியில் பேசின இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவனில் ஒரு பிழையும் இல்லை. சாவி யாரிடம், அவர் போனால் அடுத்தது யார் என்று நாங்கள் ஒரு நாளும் கூடிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கூட்டம் போட்டு நாலு விஷயம் எழுதினோம். கணக்கு ஆளின் பெயரில் இருக்கக்கூடாது, அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், சாவி எப்போதும் இரண்டு பேரிடம். எல்லாக் கோப்புக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று இணையத்தோடு பொருத்தாத வன்தட்டில், ஒன்று வேறு ஊரில். மாதத்தில் ஒரு நாள் ஒருவர் பிரதி எடுக்க வேண்டும், அவர் பெயர் சுவரில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து பார்க்க வேண்டும், ஏனெனில் திறக்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. நாலிலும் தொழில்நுட்பம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஆட்கள் ஆளுக்கு ஆள் பொறுப்பெடுக்கிற விஷயம்.

முகில் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1998 இல் தன்னார்வலர்கள் தொடங்கின மதுரைத் திட்டமும், 2005 இல் தொடங்கின நூலகம் தளமும் இல்லாவிட்டால் அக்கராயனில் இருந்துகொண்டு நாங்கள் வாசித்த பாதிப் புத்தகங்களைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டோம். தூரத்தில் ஒரு பிரதி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2009 ஐக் கடந்த சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவின் பைக்கு இருந்த ஒரே குறை, அது ஒன்றே ஒன்றுதான் என்பது.

அவவிடம் கேட்டுப் பாருங்கள். பையைத் தாருங்கோ, ஸ்கான் பண்ணி மூன்று இடத்தில் வைக்கிறம் என்று. எங்களில் ஒருத்தியின் அம்மா ஒத்துக்கொண்டா. ஒவ்வொரு கடதாசியாக எடுத்துத் தந்தா, ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிப் பொலித்தீனில் சுற்றினா. எல்லாம் முடிந்ததும் பையைக் கொண்டுபோய் அதே ஆணியில் கொழுவினா. நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது பிரதி என்று கணக்கில் எழுதிவிட்டோம்.